சாரல் காற்றுக்குத் தாங்கும் நாய்க்கூண்டு: மரம், அளவு, கூரை, கால்

கேள்வி இது: செங்கோட்டையை அடுத்த புளியரைப் பக்கம் தோப்பு வீடு. ஒன்றரை வயது ராஜபாளையம் ஆண் நாய். சாரல் மாதங்களில் திண்ணையில் நனைந்துகொண்டே படுக்கிறது. வெளியே மரத்தில் ஒரு கூண்டு செய்ய வேண்டும். பேக்கிங் பெட்டி மரம் போதுமா, என்ன அளவு, மேலே ஓலையா தகரமா, கரையானுக்கு என்ன செய்வது?

முதலில் ஒன்றைத் தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள். இணையத்தில் கிடைக்கும் கூண்டுப் படங்களில் பெரும்பாலானவை பனி பெய்யும் நாடுகளுக்கானவை. நாயின் உடல் சூடு உள்ளேயே தங்கட்டும் என்று சின்னதாக, இறுக்கமாக, தரையை ஒட்டி, சுவருக்குள் தெர்மோகோல் வைத்துச் செய்வார்கள். அதை அப்படியே செங்கோட்டைக் கணவாயில் கொண்டுவந்து வைத்தால் ஆறு மாதத்தில் பூஞ்சை வாடை அடிக்கும், நாய் உள்ளே போகாது. நம் ஊரில் சமாளிக்க வேண்டியவை ஈரம், கரையான், உண்ணி, ஏப்ரல் மே வெயில் ஆகிய நான்கும்தான். அதனால் காசையும் கவனத்தையும் தரைக்கும் கூரைக்கும் கொடுங்கள். சுவர் காற்றைத் தடுத்தால் போதும்.

எந்தத் திசை பார்த்து வைப்பது என்பதை மரம் வாங்கும் முன்பே முடிவு செய்ய வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆரியங்காவு கணவாய் வழியாக மேற்கிலிருந்து காற்று இறங்குகிறது. காற்றாலைகள் இந்தப் பக்கம் வந்ததே அதனால்தான். சாரல் செங்குத்தாக விழாது, படுக்கைவாட்டில் வந்து அடிக்கும். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்கு மழை எதிர்ப்பக்கமிருந்து வரும். கோடையில் சாயங்கால வெயிலும் மேற்கிலிருந்துதான். மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் வாசலுக்கு மிஞ்சுவது தெற்குதான். கொஞ்சம் தென்கிழக்காகத் திரும்பினாலும் பரவாயில்லை. மேற்குச் சுவரில் ஓட்டை எதுவும் வேண்டாம். வாசலையும் தெற்குச் சுவரின் நடுவில் வெட்டாமல் கிழக்கு ஓரமாகத் தள்ளி வெட்டினால், மேற்குப் பாதி முழுக்கச் சுவருக்குப் பின்னால் மறைவாகிவிடும். நாய் அங்கேதான் சுருண்டு படுக்கும்.

இடம் தேடும்போது தென்னை மரத்தடியை விட்டுவிடுங்கள். காய்ந்த மட்டையோ நெற்றோ விழுந்தால் கூரை மட்டுமல்ல, நாயும் போகும். பலா மரத்தடியும் அப்படியே. மாமரத்தில் முசுறு எறும்பு இருந்தால் நாய் அந்தப் பக்கமே அண்டாது. வேம்பு, புளி நிழல் நல்லது. வீட்டு ஆட்கள் நடமாடுவது நாயின் கண்ணில் படுகிற இடமாக இருக்கட்டும். ராஜபாளையத்தில் பால் வெள்ளை நிறமும் இளஞ்சிவப்பு மூக்குமாக இருக்கும் நாய்களில் காது கேளாமை அதிகம். உங்கள் நாய் கூப்பிட்டால் திரும்புவதில்லை என்றால், பின்பக்கமிருந்து ஆள் வர முடியாத மூலையாகப் பார்த்து வைப்பது முக்கியம். தூக்கத்தில் திடுக்கிட்டு எழும் நாய் கடித்துவிடும்.

அளவு. ராஜபாளையம் ஆண் நாய் தோளருகே 65 முதல் 75 செ.மீ. வரை நிற்கும். டேப்பை எடுத்து மூன்று அளவு எடுங்கள்: தரையிலிருந்து தோள், தரையிலிருந்து நிமிர்ந்த தலை உச்சி, மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம். தோள் 28 அங்குலம், தலை 36, நீளம் 42 என்று வைத்துக்கொண்டு கணக்குச் சொல்கிறேன். உள் நீளம் 4 அடி, உள் ஆழம் 3 அடி, முன்பக்க உயரம் தரைப்பலகையிலிருந்து 42 அங்குலம், பின்பக்கம் 36. நாய் நின்று திரும்பலாம், காலை நீட்டிப் படுக்கலாம். கூண்டு மனம்போன அளவில் இருக்கக் கூடாது என்பதைச் சட்டமும் சொல்கிறது. நிற்க, படுக்க, திரும்ப இடமில்லாத கூண்டில் அடைப்பதும், குட்டைச் சங்கிலியில் நெடுநேரம் கட்டி வைப்பதும் 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவில் குற்றம்.

வாசல் அகலம் 15 அங்குலம், உயரம் 26. தரைப்பலகைக்கு மேல் 4 அங்குலம் விட்டு வெட்டுங்கள். அந்த 4 அங்குலத் தடுப்பு இருந்தால்தான் தெறிக்கிற தண்ணீர் உள்ளே வராது, உள்ளே போட்ட விரிப்பும் வெளியே நழுவாது. வாசல் தோளைவிடக் கொஞ்சம் தாழ்வாக இருப்பதில் தவறில்லை, நாய் தலையைக் குனிந்து போய்விடும். கதவு வேண்டாம். அதற்கான காரணத்தைச் சிறுத்தை பற்றிச் சொல்லும்போது சொல்கிறேன்.

இனி மரம். பேக்கிங் பெட்டி மரம் பெரும்பாலும் பைன். ஒரு சாரல் சீசனுக்குத் தாங்கும், அடுத்ததில் கரையானோ பூஞ்சையோ ஏறிவிடும். அதுதான் கையில் இருக்கிறது என்றால் பெட்டியில் சூடு போட்ட முத்திரையைப் பாருங்கள். எச்.டி. என்றால் சூடேற்றிப் பதப்படுத்தியது. எம்.பி. என்றிருந்தால் மீதைல் புரோமைடு புகை போட்டது, அதை நாய் நக்குகிற, கடிக்கிற இடத்தில் வைக்காதீர்கள். ரப்பர் மரமும் சில்வர் ஓக்கும் கேரளத்திலிருந்து மலிவாக வரும். இரண்டும் வீட்டுக்குள் வைக்கிற சாமானுக்குச் சரி, மழைக்கு ஆகாது. ரப்பர் மரத்தில் வண்டு துளைத்து மாவாகக் கொட்டும்.

வாங்க வேண்டியது வேங்கை, அயினி, முற்றிய வேம்பு, இவற்றில் ஒன்று. அயினியை மில்லில் ஆஞ்ஞிலி என்றும் சொல்வார்கள். கேரளக் கரையில் படகு கட்டுகிற மரம், ஈரத்துக்கு அஞ்சாது. எந்த மரமானாலும் வைரம் ஏறிய பகுதியாகக் கேளுங்கள். வெளிறிய வெள்ளைப் பகுதியைத்தான் கரையான் முதலில் தொடும். ஆனால் மில்லில் புதிதாக அறுத்த சட்டம் பச்சையாக இருக்கும். காய்ந்த பிறகு முறுக்கிக்கொண்டு நிற்கும், தரைப்பலகை இடைவெளி விரல் அகலத்துக்குத் திறந்துகொள்ளும். காய வைத்து எடுக்க மாதக்கணக்கில் ஆகும். அதனால் என் முதல் யோசனை பழைய மரக்கடைதான். பிரித்த ஓட்டு வீட்டின் கைமரமும் சட்டமும் ஐம்பது வருடம் காய்ந்து, இனி அசையாத மரம். வாங்கும்போது மூன்று விஷயம் பார்க்க வேண்டும். ஆணி முழுக்கப் பிடுங்கியிருக்கிறதா என்று காந்தத்தை வைத்துத் தடவிப் பாருங்கள், இல்லாவிட்டால் மில்காரரின் பிளேடு போகும். சுத்தியலால் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும், பொத்தென்றால் உள்ளே கரையான் தின்றது. பழைய பெயின்ட் இருந்தால் அதை இழைத்து எடுத்த பிறகுதான் பயன்படுத்த வேண்டும். வீட்டுப் பெயின்டில் ஈயத்துக்கு 90 பி.பி.எம். என்ற வரம்பு 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது, அதற்கு முந்தைய பூச்சில் ஈயம் இருக்கலாம். நாய் மரத்தைக் கடிக்கும். இழைக்கும்போது நீங்களும் மூக்கை மூடிக்கொள்ளுங்கள், தூளைப் பெருக்கித் தனியே அப்புறப்படுத்துங்கள்.

மேலே சொன்ன அளவுக்கு வெட்டுக் கணக்கு இப்படி வரும்:

2×2 அங்குலச் சட்டம் 60 அடி. இதில் முன்கால் 4 அடி 4 அங்குலத்தில் இரண்டு, பின்கால் 3 அடி 10 அங்குலத்தில் இரண்டு, மேல்சுற்று, வாசலோரச் சட்டம், 5 அடி நீளக் கைமரம் நான்கு.
3×2 சட்டம் 24 அடி. தரையைத் தாங்கும் சட்டகம்.
3×1 பலகை 48 அடி. தரைப்பலகை, 4 அடி நீளத்தில் பதினொன்று.
2×1 ரீப்பர் 45 அடி. கூரை ரீப்பர் 5 அடி 7 அங்குலத்தில் மூன்று, தரைப்பலகையின் அடிக்கட்டை, பின்சுவர் நிற்கும் தடுப்பு.

மொத்தம் ஏறக்குறைய 4.3 கன அடி. இழைப்புச் சேதாரத்தோடு 5 கன அடி வாங்கினால் போதும். சுவருக்கு 12 மி.மீ. ப்ளைவுட் 8×4 அடி ஷீட் இரண்டு, கூரையின் அடிக்கு 6 மி.மீ. ஒன்று. ப்ளைவுட்டில் ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் வகை மட்டும் வாங்குங்கள். முத்திரை உண்மையா என்று பார்க்க, ஒரு சின்னத் துண்டை வெட்டி வாங்கி நாலு மணி நேரம் கொதிக்கிற தண்ணீரில் போடுங்கள். உண்மையான 710 ஷீட் 72 மணி நேரக் கொதிநீர்ச் சோதனைக்குத் தாங்கும்படி செய்தது. நாலு மணி நேரத்தில் அடுக்கு பிரிந்தால் அந்தக் கடையை விட்டு வந்துவிடலாம்.

முதல் ஷீட்டில் இரண்டு பக்கச் சுவரும் வந்துவிடும். ஒவ்வொன்றும் 40 அங்குல அகலம். முன் ஓரம் 43, பின் ஓரம் 37. தரைப்பலகையின் மேல்மட்டத்துக்குக் கீழே ஒரு அங்குலம் இறங்கி நிற்பதற்காக அந்த ஒரு அங்குலம் கூடுதல். அது இருந்தால் சுவரில் வழிகிற தண்ணீர் கீழே சொட்டிவிடும், தரைப்பலகைக்கு ஓடாது. இரண்டாவது ஷீட்டில் 52×43 முன்சுவரும், மீதியில் 47¾×33 பின்சுவரும்.

பின்சுவரை ஸ்க்ரூ போட்டு அடைத்துவிடாதீர்கள். இந்தக் கூண்டில் நான் விட்டுக்கொடுக்காத ஒரே அம்சம் இது. பின்சுவர் இரண்டு பின்கால்களுக்கு நடுவில், உள்பக்கம் அடித்த ரீப்பர் தடுப்பில் சாய்ந்து நிற்கட்டும். வெளிப்பக்கம் ஆறு திருகு கட்டை வைத்தால் கையாலேயே கழற்றலாம். மாதம் ஒரு முறை கழற்றிக் கழுவிக் காய வைக்க வேறு வழியில்லை. மார்ச் முதல் மே வரை பின்சுவரைக் கழற்றி வைத்துவிட்டால் கூண்டு தெற்கு வடக்காகத் திறந்த பந்தலாகிவிடும். சாரல் தொடங்குவதற்குள் மாட்டிக்கொள்ளலாம். பின்சுவரின் மேல் ஓரத்துக்கும் மேல்சட்டத்துக்கும் நடுவே சுமார் ஒரு அங்குலம் இடைவெளி வரும், அதில் கால் அங்குல வெல்ட் மெஷ் அடியுங்கள். முன்சுவரிலும் கூரை நீட்டலுக்கு நேர் கீழே 30 அங்குல நீளம், 3 அங்குல உயரத்தில் ஒரு கீற்று வெட்டி மெஷ் அடித்தால் உள்ளே இருக்கும் வெப்பக்காற்று மேலாக வெளியேறும்.

தரை. நாலு காலும் மண்ணில் நிற்கக் கூடாது. 8 அங்குல சாலிட் பிளாக் நான்கை ஜல்லிப் படுகையில் 2 அங்குலம் பதித்து ரசமட்டம் பாருங்கள். பிளாக்குக்கும் காலுக்கும் நடுவில் ஒரு தகரத் துண்டு, எல்லாப் பக்கமும் 2 அங்குலம் நீட்டி, ஓரத்தைக் கீழ்நோக்கிச் சாய்வாக மடக்கி வையுங்கள். கரையான் அதைத் துளைக்க முடியாது. சுற்றிக்கொண்டு மண் பாதை கட்டினால் கண்ணுக்குத் தெரியும், தட்டிவிடலாம். கரையானைத் தடுப்பதில் பாதி வேலை, அது வரும் பாதையை நம் கண்ணில் படும்படி வைப்பதுதான். காலடியில் தண்ணீர்க் கிண்ணம் வைக்கும் பழக்கம் வேண்டாம், கொசு முட்டையிடும். கரையான் மருந்தைச் சுற்றிக் குழி தோண்டி ஊற்றுவதும் வேண்டாம். அந்த மண்ணைத்தான் நாய் தோண்டிப் படுக்கும்.

கால்களோடு 3×2 சட்டகத்தை 5/16 அங்குல போல்ட்டால், காலுக்கு இரண்டாக எட்டு போல்ட் போட்டு இணையுங்கள். நீளம் 4½ அங்குலம், இரண்டு பக்கமும் வாஷர். பிளாக்குக்கு மேல் 10 அங்குல உயரத்தில் தரைப்பலகையின் மேல்மட்டம் வர வேண்டும். சட்டகத்தின் குறுக்கே 16 அங்குலத்துக்கு ஒரு தாங்கு சட்டம். அடியில் காற்று ஓடும், துடைப்பம் போகும், டார்ச் அடித்தால் மறுபக்கம் தெரியும். பாம்பு விஷயத்தில் இது ரொம்ப முக்கியம். அந்த இடைவெளியில் விறகு, மட்டை, பழைய ஓடு எதையும் செருகி வைக்காதீர்கள். சோற்றுத் தட்டைக் கூண்டில் வைத்தால் எலி வரும், எலியைத் தேடிப் பாம்பு வரும். தட்டு வீட்டுப் பக்கமே இருக்கட்டும்.

பதினொரு தரைப்பலகையை ஒரே தட்டாக அடிக்காமல் முன்பக்கம் ஆறு, பின்பக்கம் ஐந்து என்று இரண்டு தட்டாகச் செய்யுங்கள். ஒவ்வொரு தட்டுக்கும் அடியில் மூன்று ரீப்பர் கட்டை, தாங்கு சட்டங்களுக்கு நடுவில் இறங்கும்படி. தட்டு நகராது, ஸ்க்ரூவும் வேண்டாம், பின்சுவரைக் கழற்றித் தூக்கி வெளியே எடுத்துவிடலாம். ஸ்க்ரூவை அடியிலிருந்து மேல்நோக்கி ஏற்றுங்கள். 1½ அங்குலம் சரி, 2 அங்குலம் போட்டால் முனை மேலே எட்டிப் பார்த்து நாயின் வயிற்றைக் கிழிக்கும். பலகைக்கு நடுவே இடைவெளி காய்ந்த மரத்தில் 5 மி.மீ., அதாவது பென்சில் நுழையாத அளவு. அதற்கு மேல் போனால் நகம் மாட்டும். சாரலில் மரம் ஊதும் என்பதால் இடைவெளியே இல்லாமல் நெருக்கி அடித்தாலும் தப்பு. பலகை ஒன்றையொன்று தள்ளி வில்லாக வளைந்துவிடும். பலகையின் மேல் ஓரங்களை இழைப்புளியால் லேசாக உருட்டிவிடச் சொல்லுங்கள், சிலாம்பு ஏறாது.

ஸ்க்ரூ எல்லாம் துருப்பிடிக்காத எவர்சில்வர், 304 தரம். கடையில் கொடுக்கும் கறுப்பு ஸ்க்ரூ ஜிப்சம் போர்டுக்கானது. ஒரே மழைக்காலத்தில் துருவேறி, கழற்றும்போது தலை ஒடியும். 1½ அங்குலத்தில் நூறு, ப்ளைவுட்டுக்கு 1¼ அங்குலத்தில் 120 வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ப்ளைவுட்டை 6 அங்குலத்துக்கு ஒன்றாகப் பிடித்தால் போதும். வேங்கை, அயினி இரண்டிலும் முதலில் துளை போட்டுவிட்டுத்தான் ஸ்க்ரூ ஏற்ற வேண்டும். ஓரத்தில் நேராக ஏற்றினால் பிளந்துவிடும்.

கூரைக்கு வருவோம். ஓலை குளிர்ச்சிதான், ஆனால் சாரலில் ஒரு வருடத்தில் மக்கும். தேள், பூரான், எலி எல்லாம் குடியேறும், காற்று பிய்த்துக்கொண்டு போகும். மங்களூர் ஓடு அருமையான பொருள். அதற்கு நல்ல சரிவு வேண்டும், இந்தச் சின்னக் கூண்டில் அந்தச் சரிவைக் கொடுத்தால் முன்பக்கம் அநியாய உயரம் போகும், எடையும் கூடும். வெறும் தகரம் மட்டும் போட்டால் கோடையில் அடுப்பு. மழையில் தகரம் போடுகிற சத்தத்துக்கே பல நாய்கள் உள்ளே நுழையாமல் வெளியில் நனைந்துகொண்டு நிற்கும். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் வேண்டாம், அதை வெட்டும்போது பறக்கிற தூள் உங்கள் நுரையீரலுக்கே ஆபத்து.

ஆகவே இரட்டைக் கூரை. மேல்சுற்றுச் சட்டத்தின் மேல் 6 மி.மீ. ப்ளைவுட்டைப் பரப்புங்கள். அதன்மேல் தெற்கு வடக்காக நான்கு கைமரம், கைமரத்தின் மேல் கிழக்கு மேற்காக மூன்று ரீப்பர், அதன்மேல் வெளிர் நிறக் கால்வால்யூம் (அலுமினியமும் துத்தநாகமும் பூசிய தகரம்) ஷீட். ப்ளைவுட்டுக்கும் ஷீட்டுக்கும் நடுவில் 3 அங்குலக் காற்றுவெளி கிடைக்கும். சூடான காற்று சரிவில் ஏறி முன்பக்கம் வெளியேறும், பின்பக்கம் புதுக்காற்று நுழையும். இரண்டு வாயிலும் மெஷ் அடிக்க மறந்தால் குளவி கூடு கட்டும். மழைச் சத்தமும் இந்த அமைப்பில் பாதியாகக் குறையும்.

40 அங்குல ஆழத்துக்கு 6 அங்குலம் பின்னால் சரிகிறது, ஷீட்டுக்கு இது போதும். 5 அடி நீளத்தில், 3½ அடி அகல ஷீட் இரண்டு. முன்னால் 12 அங்குலம், பின்னால் 7, மேற்கே 9, கிழக்கே 6 நீட்டி நிற்கட்டும். இரண்டு ஷீட் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடத்தில் கவனம் வேண்டும். கிழக்கு ஷீட்டை முதலில் வைத்து, மேற்கு ஷீட்டின் ஓரம் அதன்மேல் ஏறி உட்கார வேண்டும். மாற்றிப் போட்டால் மேற்கிலிருந்து வரும் காற்று அந்த விளிம்புக்குள் புகுந்து தண்ணீரையும் ஏற்றும், ஷீட்டையும் தூக்கும். ஸ்க்ரூ ரப்பர் வாஷரோடு, ஷீட்டின் மேட்டில்தான் போட வேண்டும். பள்ளத்தில் போட்டால் ஓடுகிற தண்ணீர் அதில்தான் இறங்கும். அளவுக்கு வெட்ட தகரக் கத்தரி பயன்படுத்துங்கள். கிரைண்டரின் பொறி மேல்பூச்சைச் சுட்டு, அந்தப் புள்ளிகளிலிருந்து துரு தொடங்கும். வெட்டிய ஓரத்தை மடக்கிவிடுங்கள். கைமரம் ஒவ்வொன்றையும் முன்னும் பின்னும் இரும்பு எல்-பட்டையால் மேல்சட்டத்தோடு கட்ட வேண்டும், மொத்தம் எட்டு. கணவாய்க் காற்று கூரையை மேலிருந்து அமுக்காது, அடியிலிருந்து தூக்கும். பின்பக்கம் கூரைத் தண்ணீர் விழும் கோட்டில் ஒரு அடி அகலம் ஜல்லி பரப்புங்கள், சேறு தெறித்துப் பின்சுவரின் கீழ் ஓரம் ஊறுவது நிற்கும்.

பூச்சு. ப்ளைவுட் எப்போதும் ஓரத்திலிருந்துதான் கெடும். வெட்டிய ஓரம் எல்லாவற்றையும் பொருத்துவதற்கு முன்பே பிரைமர் இரண்டு கை, எனாமல் இரண்டு கை கொடுத்துவிடுங்கள். பொருத்திய பிறகு அந்த ஓரங்களுக்குப் பிரஷ் எட்டாது. கால்களின் அடி வெட்டுமுகமும் அப்படித்தான், மரம் தண்ணீரைக் குடிப்பது அந்த வழியாகத்தான். வெளிப்பக்கம் எக்ஸ்டீரியர் எனாமல், வெளிர் நிறம். தரைப்பலகைக்குப் பெயின்ட் வேண்டாம், நகம் பட்டு உரிந்து வயிற்றுக்குள் போகும். ஆளிவிதை எண்ணெய் மெல்லிசாக இரண்டு கை பூசி, ஒரு மணி நேரத்தில் மிஞ்சியதைத் துடைத்து, இரண்டு மூன்று வாரம் காய விடுங்கள். துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அந்த எண்ணெய் காயும்போது சூடாகும், சுருட்டிய துணி தானாகவே தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்து, விரித்து வெளியில் காய வையுங்கள்.

வண்டிப் பட்டறைக் கழிவு ஆயிலைப் பூசச் சொல்வார்கள், கேட்காதீர்கள். நாய் உடம்பெல்லாம் ஒட்டும், நக்கும், தோல் வெந்துபோகும், உள்ளேயும் விஷம். முந்திரிக்கொட்டையின் ஓட்டிலிருந்து எடுக்கும் எண்ணெய் கரையானுக்கு நல்ல மருந்துதான். ஆனால் தோலில் பட்டால் புண்ணாக்கும். கட்டாயம் பூச வேண்டுமென்றால் கால்களின் அடி நுனியில் மட்டும் பூசி, முழுக்கக் காய்ந்த பிறகு நாயை விடுங்கள்.

உண்ணி பற்றித் தனியே சொல்ல வேண்டும், ஏனென்றால் மரக்கூண்டு வேண்டாமென்று சிலர் சொல்வதே இதனால்தான். நாயின் இரத்தத்தைக் குடித்து உப்பிய பெண் உண்ணி கீழே விழுந்து, மேலே ஏறி, சுவர் வெடிப்பிலோ கூரை இடுக்கிலோ ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நாயை மட்டும் மருந்து போட்டுக் குளிப்பாட்டினால் ஒரு மாதத்தில் திரும்ப வருவது அதனால்தான். ஆகவே உள்பக்கம் இடுக்கே இல்லாமல் செய்ய வேண்டும். ப்ளைவுட் சட்டத்தோடு சேரும் கோடு முழுக்க, முக்கியமாக மேல் மூலைகளில், மரத்துக்கான புட்டி (வுட் புட்டி) வைத்து அடைத்துப் பூசிவிடுங்கள். மாதம் ஒரு முறை டார்ச் வைத்து அந்த மூலைகளைப் பாருங்கள். கொதிக்கிற தண்ணீரை ஊற்றித் தேய்த்து வெயிலில் காய வைத்தால் பெரும்பகுதி ஒழியும். வயலுக்கு வாங்கிய பூச்சி மருந்தை உள்ளே தெளிக்காதீர்கள். நாய்க்கு என்ன மருந்து என்பதைக் கால்நடை மருத்துவர் எடை பார்த்துச் சொல்லட்டும்.

விரிப்புக்கு வைக்கோல் நம் ஈரத்துக்கு ஆகாது, மூன்று நாளில் புழுங்கிப் பூஞ்சை கட்டும். கோணிச் சாக்கு இரண்டு வைத்துக்கொண்டு, ஒன்று உள்ளே கிடக்கும்போது மற்றதைத் துவைத்துக் காய வையுங்கள். சாரலில் காயாது என்றால் அடுப்படியில் தொங்கவிடுங்கள். ஈரச் சாக்கைவிட வெறும் பலகையே மேல். நாயும் கோடையில் சாக்கைத் தானே இழுத்து வெளியே போட்டுவிடும், திரும்ப உள்ளே திணிக்க வேண்டாம்.

இப்போது சிறுத்தை. புளியரை, மேக்கரை, கண்ணுப்புளிமெட்டு எல்லாம் மலையடிவாரம். காட்டோரச் சிறுத்தைக்கு நாய் எளிதான இரை. மரக்கூண்டு எதுவும் சிறுத்தையைத் தடுக்காது. 12 மி.மீ. ப்ளைவுட்டுக்குள் பூட்டி வைத்த நாய் தப்பவும் முடியாமல் மாட்டிக்கொள்ளும், சங்கிலியில் கட்டிய நாய் அதைவிட மோசம். கதவு வேண்டாம் என்றது இதனால்தான். இந்தக் கூண்டு பகல் வெயிலுக்கும் மழைக்கும் உள்ள இருப்பிடம். உங்கள் தோப்பு காட்டை ஒட்டி இருந்தால் இரவில் நாயைக் கிரில் கதவு உள்ள வராண்டாவுக்குள் கொண்டுவந்து விடுங்கள். இரவிலும் வெளியேதான் என்றால் கூண்டைச் சுற்றி இரும்பு ஆங்கிளில் கம்பி வலையடித்து, மேலேயும் வலை மூடி, தாழ்ப்பாளோடு ஓர் அடைப்பு வேண்டும். மேலே திறந்த வேலியைச் சிறுத்தை தாண்டிவிடும். அது வெல்டரின் வேலை, தனிச் செலவு. இந்தக் கூண்டு அதற்குள் அப்படியே நிற்கலாம்.

ஒன்றை மறக்காதீர்கள்: கட்டி முடித்த கூண்டு 150 கிலோவுக்குக் குறையாது. வீட்டு முற்றத்தில் வைத்து முழுசாகச் செய்துவிட்டுத் தூக்கிக்கொண்டு போகப் பார்க்காதீர்கள். சட்டகத்தையும் கால்களையும் பிளாக்கின்மேல் நிறுத்தி, மூலைக்கு மூலை குறுக்கே டேப் பிடித்து இரண்டு அளவும் ஒன்றாக வருகிறதா என்று பார்த்துவிட்டு, அங்கேயே சுவரை ஏற்றச் சொல்லுங்கள். ஆசாரி ஒருவரும் கூட ஓர் ஆளும் இருந்தால் வெட்டி வைத்த மரத்தில் இரண்டு நாள் வேலை. பூச்சும் காய்தலும் தனி. பெயின்ட் வாடை முழுக்கப் போகும்வரை நாயை உள்ளே விட வேண்டாம். பிறகும் பிடித்துத் தள்ளாதீர்கள். அது படுத்த பழைய சாக்கை உள்ளே மேற்கு மூலையில் போட்டு, பின்சுவரைக் கழற்றி வைத்து, இரண்டு பக்கமும் திறந்த நிலையில் அதுவாகப் போய்வரப் பழக்குங்கள். பழகிய பிறகு பின்சுவரை மாட்டலாம்.

வருடத்துக்கு இரண்டு முறை, மே கடைசியிலும் செப்டம்பர் கடைசியிலும், போல்ட்டுகளை இறுக்கி, கூரை ஸ்க்ரூவின் ரப்பர் வாஷர் வெடித்திருக்கிறதா என்று பாருங்கள். பூச்சு முதலில் போவது மேற்குச் சுவரில்தான். மற்ற மூன்றும் நன்றாக இருக்கும்போதே அதற்கு மட்டும் ஒரு கை எனாமல் அடிக்க வேண்டி வரும். அதற்காகக் கால் லிட்டர் டப்பா ஒன்றை மூடி வைத்துக்கொள்ளுங்கள்.